பெரும்பான்மை இருந்தால் பேரவை விதியை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமா?

வியாசர்பாடியிலிருந்து சட்டம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சட்டமன்றம் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. உள்ளே நடப்பதைக் கோர்ட் கேட்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியென்றால் பெரும்பான்மை உள்ள கட்சி, எதிர்க்கட்சி எம்எல்ஏக்களை அஞ்சு வருஷமும் வெளியே நிறுத்தி வைக்க ஒரு விதி போட்டுக்கொண்டால் யார் தடுப்பது? எங்கள் தொகுதிக்குக் குரல் இல்லாமல் போய்விடாதா?"

தம்பி, அப்படி ஒரு விதி கோர்ட்டில் ஒரு நாள்கூட நிற்காது. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி இருக்கிறதே, தொகுதிக்குக் குரல் இல்லாமல் போவது, அது உங்கள் தொகுதியில் ஏற்கெனவே நடந்துவிட்டது. எந்த விதியையும் மாற்றாமலே நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்டம்.

பிரிவு 208-ஐயும் 212-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல பேர் இரண்டாவதை மட்டும் படித்துவிட்டு முதலாவதை விட்டுவிடுகிறார்கள். 208 சொல்வது: மாநிலச் சட்டமன்றம் தன் நடைமுறைக்கான விதிகளைத் தானே செய்துகொள்ளலாம், ஆனால் இந்த அரசமைப்பின் வகைமுறைகளுக்கு உட்பட்டு. 212 சொல்வது: நடைமுறையில் ஒழுங்கீனம் இருந்தது என்ற காரணத்தைக் காட்டி அவை நடவடிக்கை செல்லாது என்று கேட்க முடியாது. நாடாளுமன்றத்துக்கு இதே ஏற்பாடு 118, 122 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது.

ஆக, பேரவை தன் சொந்த விதியை மீறினால் அது உள்வீட்டு விவகாரம். முன்னறிவிப்பு ஒரு நாள் குறைவாகக் கொடுத்தார்கள், விவாதத்துக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை, ஒரு திருத்தத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை என்று ஐகோர்ட்டில் ரிட் போட்டால் முதல் வாய்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரசமைப்பையே மீறினால் கதை வேறு. அங்கே 212 குடை பிடிக்காது. ராஜா ராம் பால் வழக்கில் 2007-இல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒழுங்கீனத்துக்குத்தான் பாதுகாப்பு, சட்ட விரோதத்துக்கும் அரசமைப்பு விரோதத்துக்கும் இல்லை. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய எம்பிக்களை அவை நீக்கிய வழக்கு அது. நீக்கம் சரி என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனால் "நாங்கள் பார்க்கவே கூடாதா?" என்ற கேள்விக்கு, பார்க்கலாம் என்று பதில் எழுதி வைத்துவிட்டார்கள்.

கோட்டைக்கும் ஐகோர்ட்டுக்கும் நடந்து போகிற தூரம்தான். லிங்கி செட்டித் தெருவில் ஆபீஸ் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் கூப்பிடு தூரம். ஆனால் அந்தச் சின்னத் தூரத்தை ஒரு வழக்கு கடக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு டிக்கெட்தான்: விதி மீறப்பட்டது என்று சொன்னால் போதாது, அரசமைப்பின் இன்ன பிரிவு மீறப்பட்டது என்று காட்ட வேண்டும்.

சரி, விதிப்புத்தகத்தில் பெரும்பான்மை எவ்வளவு தூரம் விளையாடலாம்? நிறையவே. கேள்வி நேரம் எவ்வளவு, யார் எத்தனை நிமிஷம் பேசலாம், எந்தத் தீர்மானத்துக்கு எத்தனை பேர் ஆதரவு வேண்டும், வாக்கெடுப்பு குரலாலா, எழுந்து நிற்கச் சொல்லியா, இதெல்லாம் அவையின் விருப்பம். நம் ஊரில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி எண் உண்டென்றால் அது 110. பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் அமைச்சர் அறிக்கை படிப்பார், அதன் மேல் அப்போது விவாதம் கிடையாது. ஜெயலலிதா ஆட்சியில் இந்த 110 அறிவிப்புகள் வந்த வேகத்தில், சட்டமன்றம் என்றாலே 110 என்று ஆனது. விவாதம் இல்லாத அறிவிப்பு ஜனநாயகத்துக்கு நல்லதா என்றால், என் அபிப்பிராயத்தில் நல்லதில்லை. அரசமைப்புக்கு விரோதமா என்றால், இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

ஆனால் 110-க்கும் ஒரு எல்லை உண்டு. அறிவிப்பை விவாதமில்லாமல் படிக்கலாம். அதற்கான பணத்தை வாக்கெடுப்பு இல்லாமல் கஜானாவிலிருந்து எடுக்க முடியாது. இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற மானியக் கோரிக்கை பேரவை முன் வந்தாக வேண்டும், அதற்குப் பிறகு நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற வேண்டும். 203, 204 பிரிவுகளின் கட்டாயம் அது. வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று வருஷத்தில் ஆயிரம் கோடி என்று 2023 பட்ஜெட்டில் சொன்னார்களே, அந்த எண் பேச்சில் வந்ததாலேயே தெருவுக்குப் பணம் வந்துவிடாது. ஒவ்வொரு வருஷமும் துறை வாரியாக மானியக் கோரிக்கையாகப் போய் வாக்கு வாங்கித்தான் வர வேண்டும். "மானியக் கோரிக்கைகள் இனி 110 அறிவிப்பு மூலமே நிறைவேறியதாகக் கருதப்படும்" என்று நாளைக்கு ஒரு விதி போட்டால், அது செல்லாது.

வேகத்துக்கு எல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்த மசோதா ஒரே நாளில் அறிமுகமாகி அன்றைக்கே நிறைவேறியது. மக்கள் கேட்டது அது, எல்லாக் கட்சியும் சேர்ந்து செய்தது. ஆனால் இதே வேகத்தில் யாரும் கேட்காத சட்டத்தையும் நிறைவேற்றலாம். ஒரு மசோதாவை இத்தனை நாள் விவாதிக்க வேண்டும் என்று அரசமைப்பில் எங்கும் இல்லை.

இனி, தொட முடியாதவை. அரசமைப்பே எண் போட்டு வைத்த இடங்களில் பேரவை விதிக்கு வேலையில்லை. பேரவைத் தலைவரை நீக்க, அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும், பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 234 பேரும் இருக்கும் அவை என்றால் 118. இதை மூன்றில் இரண்டு பங்கு என்று விதியால் கூட்டவும் முடியாது, வந்தவர்களில் பாதி என்று குறைக்கவும் முடியாது. அந்தத் தீர்மானம் எடுக்கப்படும்போது அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் கூடாது, அது பிரிவு 181. 2025 மார்ச்சில் அப்போதைய பேரவைத் தலைவர் அப்பாவு மீது அதிமுக கொண்டுவந்த தீர்மானம் 63-க்கு 154 என்று தோற்றது நினைவிருக்கும். அன்றைக்கு அவையை நடத்தியவர் துணைத் தலைவர் பிச்சாண்டி. அதை மரியாதைக்காகச் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள், வேறு வழியே இல்லை.

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. மேலவையை மறுபடி கொண்டுவரக் கோரும் தீர்மானத்துக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மொழியும் அப்படித்தான். அவையில் தமிழ் மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு விதி போட்டால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் பிரிவு 210 மாநில ஆட்சிமொழியோடு ஆங்கிலத்தையும் இந்தியையும் அனுமதிக்கிறது. அந்த மொழிகளில் சரியாகப் பேச வராத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அனுமதிக்கும் அதிகாரமும் பேரவைத் தலைவருக்கு உண்டு. கொருக்குப்பேட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து ஒருவர் போனால் அவருக்கும் இந்த வழி இருக்கிறது.

கோரம், அதாவது அவை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற எண், மட்டும் கொஞ்சம் வேடிக்கையானது. பத்துப் பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அது. நமக்கு 24 பேர். இதை மாற்றவே முடியாதா என்றால், முடியும், ஆனால் "சட்டத்தால்" என்கிறது பிரிவு 189. அதாவது பேரவை விதித் திருத்தமாகக் கொண்டுவந்தால் செல்லாது. அதே உறுப்பினர்கள், அதே பெரும்பான்மை, மசோதாவாக நிறைவேற்றி ஆளுநரின் ஒப்புதல் வாங்கினால் செல்லும். யார் செய்கிறார்கள் என்பதைப் போலவே எந்த வாசல் வழியாகச் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். தேர்வில் இதைக் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் அஞ்சு வருஷக் கேள்வி. ஒரே ஒரு வருஷத்துக்கே பதில் வந்துவிட்டது. 2021 ஜூலை 5 அன்று மகாராஷ்டிர சட்டமன்றம் பாஜக எம்எல்ஏக்கள் 12 பேரை ஒரு வருஷத்துக்குச் சஸ்பெண்ட் செய்தது. அந்த மழைக்காலக் கூட்டத்தொடரே மொத்தம் இரண்டு நாள்தான். அவர்களுடைய விதிப்புத்தகத்தில், ரகளை செய்யும் உறுப்பினரை அன்றைக்கோ, திரும்பத் திரும்பச் செய்தால் அந்தக் கூட்டத்தொடர் முடியும் வரையிலோ வெளியே அனுப்பலாம் என்றுதான் இருந்தது. அரசுத் தரப்பு வாதம் என்னவென்றால், விதி பேரவைத் தலைவரைத்தான் கட்டுப்படுத்தும், முழு அவையும் தீர்மானம் போட்டால் அதன் உள்ளார்ந்த அதிகாரத்துக்கு வரம்பில்லை. நீங்கள் பயந்த வாதமேதான்.

2022 ஜனவரி 28 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. அந்தக் கூட்டத்தொடரைத் தாண்டிய சஸ்பென்ஷன் அரசமைப்புக்கு விரோதம், சட்ட விரோதம், அறிவுக்கும் பொருந்தாதது என்று எழுதியது. தீர்ப்பின் கணக்கைப் பாருங்கள், அழகான கணக்கு. ஓர் உறுப்பினர் அனுமதியில்லாமல் அறுபது நாள் வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம், பிரிவு 190. இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 151ஏ. ஆக, எந்தத் தொகுதியும் ஆறு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் இருக்கக்கூடாது என்பதுதான் சட்டத்தின் எண்ணம். உறுப்பினரை நீக்கினாலாவது இடைத்தேர்தல் வந்து வேறொருவர் வருவார். ஒரு வருஷம் சஸ்பெண்ட் செய்தால் இடமும் காலியில்லை, ஆளும் இல்லை. நீக்குவதைவிட மோசம். தண்டனை எம்எல்ஏவுக்கு இல்லை, தொகுதிக்கு.

ஒரு தீர்மானத்தால் முடியாததை விதியாக எழுதி வைத்தால் மட்டும் முடியுமா? முடியாது. காரணம் அதேதான்.

நம் பேரவையும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 2015-இல் தேமுதிக எம்எல்ஏக்கள் ஆறு பேருக்கு, அவையில் நடந்த அமளிக்காக, உரிமைக் குழு பரிந்துரைப்படி அடுத்த கூட்டத்தொடரில் பத்து நாள் சஸ்பென்ஷனும் சம்பளப் பிடித்தமும் விதித்தார்கள். குழு எதை வைத்து முடிவு செய்தது? அவை நடவடிக்கையின் வீடியோவை. அந்த வீடியோவை ஆறு பேருக்கும் கொடுத்தார்களா? இல்லை. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. பேரவைக்குத் தண்டிக்க அதிகாரமில்லை என்று சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாட்சியத்தைக் காட்டாமல் தண்டிக்க முடியாது, அவையின் சிறப்புரிமை சமத்துவ உரிமையை விழுங்கிவிட முடியாது என்றது.

சிறப்புரிமை என்ற இந்த விஷயம்தான் வழவழவென்று கையில் நிற்காத ஒன்று. பிரிவு 194 அவைக்குச் சிறப்புரிமைகள் உண்டு என்கிறது, அவை எவை என்று சட்டம் இயற்றிச் சொல்லலாம் என்றும் சொல்கிறது. எந்தச் சட்டமன்றமும் இன்று வரை முழுப் பட்டியல் போட்டு ஒரு சட்டம் கொண்டுவரவில்லை. ஏன் போடுவார்கள்? எழுதி வைத்தால் எல்லை தெரிந்துவிடும். பேரவைத் தலைவருக்கு "வானளாவிய அதிகாரம்" என்று முன்னாள் பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன் சொன்னது எழுதாத அந்த இடத்தில் நின்றுகொண்டுதான். 1987-இல் அட்டைப்படத் துணுக்கு ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஊரே கொதித்தது, சில நாளில் விட்டுவிட்டார்கள். கைது சட்டவிரோதம் என்று பிற்பாடு ஐகோர்ட்டும் சொன்னது. 1964-இல் உத்தரப் பிரதேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: அவை சிறையில் போட்ட கேசவ் சிங்குக்கு ஜாமீன் கொடுத்த இரண்டு ஐகோர்ட் நீதிபதிகளையே கைது செய்து அவை முன் நிறுத்தச் சொன்னார்கள். ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு உட்கார்ந்து, சிறப்புரிமையின் எல்லை என்ன என்று தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை என்று சொல்லி முடித்து வைத்தது.

குட்கா விவகாரம் இன்னும் நுணுக்கமானது. 2017 ஜூலையில் ஸ்டாலின் உட்படத் திமுக எம்எல்ஏக்கள், தடை செய்த பொருள் தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்ட, குட்கா பாக்கெட்டுகளை அவைக்குள் தூக்கிக் காட்டினார்கள். மாதவரம் குடோனில் வருமான வரித் துறை சோதனை நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. 21 பேருக்கு உரிமை மீறல் நோட்டீஸ் போனது. தடை செய்த பொருளைப் பேரவைத் தலைவர் அனுமதியில்லாமல் காட்டியது குற்றம் என்பது நோட்டீஸின் அடிப்படை. 2020 ஆகஸ்டில் ஐகோர்ட் அந்த நோட்டீஸை ரத்து செய்தபோது சொன்ன காரணம் சுவாரசியமானது: அரசின் தடை உத்தரவு குட்காவைத் தயாரிப்பதையும் பதுக்குவதையும் விற்பதையும்தான் தடுக்கிறது, எடுத்துக் காட்டுவதைத் தடுக்கவில்லை. அடிப்படையே தப்பு. ஆனால் வேறு காரணத்தைக் காட்டிப் புது நோட்டீஸ் கொடுக்க அவைக்குத் தடையில்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். புது நோட்டீஸும் வந்தது, வழக்கும் வருஷக்கணக்கில் இழுத்தது. கோர்ட் உள்ளே கால் வைக்கும்போது எவ்வளவு அளந்து வைக்கிறது என்பதற்கு நான் ஜூனியர்களுக்குக் காட்டுவது இந்த உத்தரவைத்தான்.

இனி உங்கள் தொகுதி. 2016-இல் பெரம்பூர் வெற்றிவேலைத் தேர்ந்தெடுத்தது. 2017 ஆகஸ்டில் அவர் உட்பட தினகரன் ஆதரவு எம்எல்ஏக்கள், முதல்வர் மேல் நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். கட்சியிலிருந்து தானாக விலகியதற்குச் சமம் என்று அரசுக் கொறடா புகார் கொடுக்க, செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். வழக்கு ஐகோர்ட்டுக்கு வந்தது. தீர்ப்பு வரும் வரை இடைத்தேர்தல் அறிவிக்கக்கூடாது என்று தடை. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதியிடம் போய் அக்டோபர் 25-இல் தகுதி நீக்கம் செல்லும் என்று முடிந்தது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18, முடிவு வந்தது மே 23.

எண்ணிப் பாருங்கள். இருபது மாதம் பெரம்பூருக்கு எம்எல்ஏ இல்லை. பக்கத்து ஆர்.கே.நகரோ ஜெயலலிதா இறந்த 2016 டிசம்பரிலிருந்து காலி. 2017 ஏப்ரல் தேர்தல் பணப் பட்டுவாடாவால் ரத்தாகி, டிசம்பரில்தான் நடந்தது. அது மட்டுமா? சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஆக, அந்த இருபது மாதமும் வியாசர்பாடிக்காரருக்கு எம்எல்ஏவும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. குழாயில் தண்ணீரோடு சாக்கடை கலந்து வந்தால், முதியோர் உதவித்தொகை நின்றுபோனால், மனுவைத் தூக்கிக்கொண்டு மண்டல அலுவலகத்திலோ தாசில்தார் ஆபீஸிலோ நேரே போய் நிற்க வேண்டியதுதான். "எம்எல்ஏ லெட்டர் இருக்கா?" என்று அங்கே கேட்டால், இல்லை என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மகாராஷ்டிரத் தீர்ப்பில் படித்த அந்த ஆறு மாதக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். இங்கே யாரும் விதியை மாற்றவில்லை. தகுதி நீக்கம் சட்டப்படி, கோர்ட் தடை சட்டப்படி, தாமதம் சட்டப்படி. ஒவ்வொரு படியும் சரி, மொத்தத்தில் தொகுதி இருபது மாதம் அனாதை.

இதே கதையின் மறுபக்கம் இன்னும் உறுத்தும். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ.பன்னீர்செல்வம் உட்பட 11 பேர் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களைத் தகுதி நீக்கம் செய்யச் சொல்லியும் மனு போனது. ஆளுநருக்குக் கடிதம் எழுதிய 18 பேர் ஒரே மாதத்தில் வெளியே. அவையிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேர் மீதான மனுவோ, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போய், மூன்று வருஷம் ஆன பிறகுதான் நோட்டீஸ் கட்டத்துக்கே வந்தது. அதற்குள் அவர்களில் ஒருவர் துணை முதல்வர். ஒரே பேரவைத் தலைவர், கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்பின் ஒரே பத்தாவது அட்டவணை, அதன் கீழ் நம் பேரவைக்கு எழுதிய ஒரே 1986 விதிகள். கடிகாரம் மட்டும் இரண்டு.

அரசமைப்பு பேசும் இடத்தில் ஆட்சியாளர்கள் சிக்கிக்கொள்கிறார்கள், அது பேசாத இடத்தில் நழுவிவிடுகிறார்கள். பத்தாவது அட்டவணையில் எல்லாம் இருக்கிறது, எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது மட்டும் இல்லை. முன்பு அந்த அட்டவணையின் ஏழாவது பத்தி, பேரவைத் தலைவர் முடிவை எந்தக் கோர்ட்டும் தொடக்கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருந்தது. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டில் அதை அடித்துவிட்டார்கள். கோர்ட்டுகளின் அதிகாரத்தில் கை வைக்கும் திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், வாங்கவில்லை என்பதால். கவனியுங்கள், அது பேரவை விதிகூட இல்லை, நாடாளுமன்றம் கொண்டுவந்த அரசமைப்புத் திருத்தம். அதுவே விழுந்தது. ஆனாலும் பேரவைத் தலைவர் முடிவு சொன்ன பிறகுதானே கோர்ட் பார்க்க முடியும்? முடிவே சொல்லாமல் ஃபைலின் மேல் உட்கார்ந்துவிட்டால்? அந்த ஓட்டை அப்படியே இருந்தது. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில்தான் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025-இல் தெலங்கானா பேரவைத் தலைவருக்கும் மூன்று மாதக் கெடு வைத்தது. வழக்குக்கு வழக்கு இப்படிக் கெடு வாங்கிக்கொண்டிருப்பது அலுப்பு.

அதனால்தான் சொல்கிறேன், விதி மாற்றம் என்றாலே ஆபத்து என்று பார்க்காதீர்கள். கட்சித் தாவல் மனுக்களை எப்படி விசாரிப்பது என்ற விதிகளை எழுதும் அதிகாரம் அதே அட்டவணையின் எட்டாவது பத்தியில் பேரவைத் தலைவருக்கே இருக்கிறது. எழுதி அவை முன் வைக்க வேண்டும், அவை அதை ஏற்கலாம், திருத்தலாம், தள்ளலாம். நம் 1986 விதிகள் அப்படி வந்தவைதான். "மனு வந்த மூன்று மாதத்துக்குள் முடிவு" என்று அதில் ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றம் வேண்டாம், ஆளுநர் வேண்டாம், குடியரசுத் தலைவர் வேண்டாம். அப்படி எழுதினாலும் அதை மீறுவது வெறும் ஒழுங்கீனம்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். 1994-இல் ரவி நாயக் வழக்கில் இந்த விதிகளுக்கு அரசமைப்பின் அந்தஸ்து இல்லை என்று சொல்லியிருப்பது அவர்களுக்கு உதவும். இருந்தாலும், தானே எழுதிய கெடுவைத் தானே மீறிய பேரவைத் தலைவர் கோர்ட்டில் நிற்பதற்கும், கெடுவே இல்லாதவர் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த துணைக் கேள்வி: நம்பிக்கை வாக்கெடுப்பை ரகசியமாக நடத்த விதியை மாற்றலாமா? 2017 பிப்ரவரியில் எதிர்க்கட்சிகள் கேட்டது அதைத்தான். பேரவைத் தலைவர் மறுத்தார், அமளி நடந்தது, திமுகவினர் வெளியேற்றப்பட்டார்கள், வரிசை வரிசையாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி 122-க்கு 11 என்று அறிவித்தார்கள். பிரிவு 189 கேட்பது வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மையை மட்டுமே. திறந்த வாக்கா மூடிய வாக்கா என்பதில் அதற்கு அக்கறையில்லை. அதனால் விதியை மாற்றலாம் என்பதே என் கருத்து. ஆனால் சிக்கல் வேறு பக்கம் வரும்: யார் எப்படி வாக்களித்தார் என்றே தெரியாவிட்டால் கொறடா உத்தரவை மீறியவர் யார் என்று எப்படிக் காட்டுவது? பத்தாவது அட்டவணையின் பாதி பல் பிடுங்கியதுபோல் ஆகிவிடும். கட்டாயக் கொறடா என்பதே பிடிக்காதவர்களுக்கு அது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம்.

எதிர்த் திசையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தில் அப்போதைய ஆளும் கூட்டணி, பேரவைத் தலைவர் தேர்தலை ரகசிய வாக்கிலிருந்து திறந்த வாக்குக்கு மாற்றியது. தங்கள் ஆட்கள் மாற்றிக் குத்திவிடுவார்களோ என்ற பயம். பாஜக எம்எல்ஏ ஒருவர் ஐகோர்ட்டுக்குப் போனார், தள்ளுபடி ஆனது. ஆளுநர் தேர்தலுக்குத் தேதியே கொடுக்கவில்லை. 2022 ஜூனில் ஆட்சி கவிழ்ந்தது. ஜூலை 3 அன்று அதே திருத்திய விதியின்படி, தலை எண்ணி, 164-க்கு 107 என்று பேரவைத் தலைவர் ஆனார் பாஜகவின் ராகுல் நர்வேகர்.